மூன்று கிளப், ஒரே தொடை

சில வருடங்களுக்கு முன், சீசன் முடிந்த கையோடு ஒரு மிட்ஃபீல்டர் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 27. ஆறு சீசனில் ஐந்து கிளப் பார்த்தவர். வலது தொடையின் பின்பக்கத் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், ஓடும்போது சுளீரென்று பிடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு தடவை வந்திருக்குண்ணா. ஆனா அது வேற கிளப்ல."

விளையாட்டுப் பிசியோவாக நான் கேட்ட பதில்களில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். மூன்று ஊர், மூன்று பிசியோ, மூன்று பேரும் அதை முதல் காயமாக நினைத்தே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பழைய ஸ்கேன் எங்கே என்று கேட்டால், "அந்த கிளப்ல இருக்கும்" என்றார். அந்த கிளப் இப்போது எந்த லீகிலும் இல்லை.

நட்சத்திர வீரர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒவ்வொரு மே மாதமும் ஒப்பந்தம் முடிந்து, ஜூனில் ஏஜெண்டின் போனுக்குக் காத்திருந்து, ஜூலையில் புது ஊரில் பையை இறக்குகிற வீரர்களைப் பற்றி. நம் நாட்டின் தொழில்முறைக் கால்பந்தில் இவர்கள் ஏராளம். இவர்களின் உடம்பை முழுதாக அறிந்தவர் எந்தக் கிளப்பிலும் கிடையாது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு வருடத்து உடம்பு மட்டும்தான் தெரியும்.

அதிலும் நடுக்களத்தில் ஆடுபவருக்குப் பாரம் அதிகம். ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதுவும் நேராக ஓடுவதில்லை. பந்தை வாங்கத் திரும்பி, எதிராளி நெருங்கினால் மறுபடி திரும்பி, நின்று, கிளம்பி, இடித்துக்கொண்டு, நீளப் பாஸ் அடித்து என்று 90 நிமிடமும் போகும். தொடை இடுக்கும் கணுக்காலும் சத்தமில்லாமல் தேய்வது இதனால்தான். ஸ்ட்ரைக்கருக்குத் தசை கிழிந்தால் அரங்கமே பார்க்கும். மிட்ஃபீல்டரோ 70 சதவீத உடம்போடு பத்து ஆட்டம் ஆடிவிடுவார், யாருக்கும் தெரியாது.

ஹாம்ஸ்ட்ரிங் விஷயத்துக்கு வருகிறேன். தொழில்முறைக் கால்பந்தில் அதிகம் வரும் தசைக் காயம் இதுதான். இது மறுபடி வருமா என்று கணிக்க இருக்கிற மிக வலுவான அறிகுறி, முன்பு வந்திருக்கிறதா என்பது. வலி இரண்டு வாரத்தில் போய்விடும், நடக்கலாம், மெதுவாக ஓடலாம். தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. இரண்டு காலின் பலத்தையும் அளந்து பார்க்காமல், முழு வேகத்தில் சில நாள் ஓடிப் பார்க்காமல் ஆட்டத்தில் இறங்கினால், அதே இடம் திரும்பக் கிழியும். என்னிடம் வந்தவருக்கு இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அதுதான் நடந்திருக்கிறது.

இதற்கு நார்டிக் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. முட்டி போட்டு நின்று, நண்பர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னால் சாய்வது. இதைச் சேர்த்துப் பயிற்சி செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு கருவியும் வேண்டாம், ஜிம் வேண்டாம். கிளப் செய்யச் சொல்லாவிட்டாலும் ஹாஸ்டல் அறையிலேயே செய்யலாம்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "ஒரு ஊசி போட்டுட்டு இறங்கிடறேண்ணா" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆறு மாத ஒப்பந்தக்காரர் நாலு ஆட்டம் உட்கார்ந்தால் அவர் இடத்தில் இன்னொருவர் வந்துவிடுவார். பெரிய வீரர்களும் இதற்கு விலக்கில்லை. 2010 உலகக் கோப்பையில், பத்தில் நாலு பேர் போல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு வலி மாத்திரை போட்டதாக ஃபிஃபாவின் மருத்துவர்களே கணக்கெடுத்துச் சொன்னார்கள். ஆனால் வலி மறைந்தால் கிழிசல் மறையாது. அது போக, விதியும் மாறிவிட்டது. 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் வலி, வீக்கத்துக்குப் போடும் கார்டிசோன் வகை ஸ்டீராய்டு ஊசி எதுவும், மூட்டுக்குள் போடுவது உட்பட, தடை. டிராமடால் என்ற வலி மருந்து 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. புது ஊரில் தெருமுனை டாக்டரிடம் முதுகுவலி என்று போனால் அவர் இதை எழுதிக் கொடுக்கலாம், நீங்கள் கால்பந்து வீரர் என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம். வெயிலில் ஆடி மயக்கம் வந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது ஊக்கமருந்து விதிப்படி எப்போதுமே தடை. ஆஸ்பத்திரியில் உண்மையான சிகிச்சையாகவோ அறுவையின்போதோ ஏற்றினால் தவறில்லை, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சும்மா தெம்புக்கு ஏற்றாதீர்கள்.

முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார் ஏசிஎல். அது கிழிந்தால் கதையே வேறு. கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று அடுத்தடுத்து ஜெர்சி மாற்றி ஏறி வந்தவர். 2020 நவம்பரில் ஏடிகே மோகன் பகானுக்காக ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார், அந்த சீசன் அதோடு போனது. ஏசிஎல் அறுவைக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன்னால் களமிறங்குகிறவர்களுக்கு முழங்கால் மறுபடி காயப்படும் ஆபத்து பல மடங்கு. 9 மாதம் ஆனால் மட்டும் போதாது, முன்தொடை பலமும் மற்ற காலுக்குச் சமமாக வந்திருக்க வேண்டும். ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு 9 மாதம் என்றால் ஒப்பந்தமே முடிந்துவிடும். சிகிச்சையின் பாதியில் அவர் தனியாக நிற்பார்.

அதனால்தான் கையெழுத்துப் போடும்போதே கேட்கச் சொல்கிறேன். காயம்பட்டால் சம்பளம் தொடருமா, ஆபரேஷன் செலவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிசியோ செலவை ஏற்பார்களா? பதில் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது, தாளில் இருக்க வேண்டும். மெடிக்கல் பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்துக்கொள்ள வேண்டும். "மெடிக்கல்ல தேறினாதான் இது செல்லும்" என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்படியும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டபோது, முதல் நிலை லீகின் சம்பளம் கூட நிச்சயமில்லை என்று எல்லோரும் பார்த்தோம்.

சம்பளம் இல்லாத மாதங்களில் பலர் மலப்புரம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடப் போகிறார்கள். அறுப்பு முடிந்த வயலில், இறுகிய மண்ணில், ராத்திரி வெளிச்சத்தில், அடுத்தடுத்த நாள் ஆட்டம். கையில் உடனே காசு. வீட்டில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய பையனிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் பதிவு செய்த வீரர் அங்கீகாரமில்லாத போட்டியில் அடிபட்டால் கிளப் கையை விரித்துவிடும். போவதாக இருந்தால் அதைத் தெரிந்துகொண்டு போங்கள், இரண்டு ஆட்டத்துக்கு நடுவே ஒரு நாளாவது விடுங்கள்.

இனி அந்தப் பழைய ஸ்கேனுக்கு வருகிறேன். நான் கேட்பது ஒரு சாதாரண ஃபைல். எந்தத் தேதியில் எந்தக் காலில் என்ன காயம், எம்ஆர்ஐ அறிக்கை, எத்தனை நாள் ஓய்வு, என்ன மருந்து, திரும்பி வந்தபோது தசையின் பலம் எவ்வளவு. ஒவ்வொரு கிளப்பை விட்டுக் கிளம்பும்போதும் பூட்ஸை வாங்குகிற மாதிரி இதையும் கேட்டு வாங்குங்கள். போனில் படம் எடுத்து மெயிலிலும் போட்டு வையுங்கள். "பழைய காயத்தைக் காட்டினா சைன் பண்ண மாட்டாங்களே" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். சில கிளப் அப்படித்தான் நடந்துகொள்ளும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காயத்துக்கான சிகிச்சையையும் பயிற்சியையும் முழுதாக முடித்த தாள் கையில் இருப்பவர், அக்டோபரில் நொண்டிக்கொண்டு வெளியே வருகிறவரை விட அதிக வருடம் ஆடுவதைத்தான் என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்குப் பிறகு என்ன என்று கேட்பவர்களிடம் ரிச்சி பார்ட்ரிட்ஜைச் சொல்வேன். அயர்லாந்துக்காரர். லிவர்பூலில் வளர்ந்து, ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, ராதர்ஹாம், செஸ்டர் என்று சுற்றியவர். சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்து, லிவர்பூலுக்கே பிசியோவாகத் திரும்பி வந்தார்.

அந்த வலது தொடைக்காரருக்கு நாங்கள் ஐந்து மாதம் வேலை செய்தோம். இப்போது வடகிழக்கில் ஒரு கிளப்பில் ஆடுகிறார். போன மாதம் அந்தக் கிளப்பின் பிசியோ என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் ஃபைல் திறந்திருந்தது. மூன்றாவது காயத்துக்குப் பிறகு தசை பலத்தை அளந்து எழுதியதில் ஒரு எண் சரியாகத் தெரியவில்லை, 84ஆ 94ஆ என்று கேட்டார்.