நீர்த்திருடிக்குள் இருந்தது என்ன?

பழங்கிரேக்கர்கள் தாழியிலிருந்து நீரையோ திராட்சை மதுவையோ மொள்வதற்கு 'கிளெப்சிட்ரா' என்றொரு கலத்தைப் பயன்படுத்தினார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'நீர்த்திருடி'. அதன் அடிப்பகுதி முழுதும் சல்லடைபோல் துளைகள், மேலே ஒடுங்கிய குழல். நீரில் அமிழ்த்தி நிரப்பிய பிறகு குழலின் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால், அடியில் அத்தனை துளைகள் இருந்தும் நீர் ஒழுகாது. விரலை எடுத்ததும் கொட்டிவிடும்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் வாழ்ந்த தத்துவஞானி எம்பெடோக்ளிஸ், மூச்சு எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்க, ஒரு சிறுமி வெண்கல நீர்த்திருடியை வைத்து விளையாடுவதைப் பாடலில் வருணித்தார். வெறுங்கலத்தின் வாயைப் பொத்திக்கொண்டு அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று நீரை நுழையவிடாது. நிரம்பிய கலத்தைப் பொத்தித் தூக்கினால் உள்ளே புக முட்டும் வெளிக்காற்று நீரைத் துளைகளிலேயே நிறுத்திவைக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம். உடலில் குருதி பின்வாங்கும்போது காற்று புகுகிறது என்று அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறுதான். கலத்தைப் பற்றிச் சொன்னதோ வியப்பூட்டும் அளவுக்குச் சரி.

இதே கலத்தை இன்னொரு கிரேக்கத் தத்துவஞானியான அனாக்சகோரஸ் வேறொரு வழக்குக்குச் சாட்சியாக்கினார்: வெறுமையாகத் தோன்றும் கலத்தில் காற்று என்னும் பொருள் இருப்பதால், வெற்றிடம் என்று எதுவும் இல்லை. அதற்கு முன்பே பார்மெனிடிஸ் என்ற தத்துவஞானி, இல்லாத ஒன்று இருக்க முடியாது, ஆகவே வெற்றிடமும் இல்லை, அசைவும் இல்லை என்ற எல்லைக்கே போயிருந்தார். எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற லூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் இந்த வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: அசைவு கண்ணெதிரே நடக்கிறது, எனவே அணுக்கள் நகர்வதற்கு வெற்றிடம் இருந்தே ஆக வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து எடைபோட்ட அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322), நீர்த்திருடியைக் காட்டுவோர் காற்று ஒரு பொருள் என்பதை மட்டுமே நிறுவுகிறார்கள், வெற்றிடம் இல்லை என்பதை நிறுவவில்லை எனச் சரியாகவே பிரித்துக் காட்டினார். சாம்பல் நிறைந்த பானை வெறும்பானை கொள்ளும் அளவு நீரைக் கொள்கிறது என்பதை, சாம்பலுக்குள் வெற்றிடம் இருப்பதற்குச் சான்றாக வெற்றிடவாதிகள் சொல்லிவந்ததையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். (நீரை ஊற்றி அளந்து பார்த்திருந்தால் அந்தச் சாட்சி அன்றே கலைந்திருக்கும்.) ஆயினும் அவரும் வெற்றிடத்தை மறுத்தார். சுழலும் நீரில் நடப்பதுபோல, ஒன்றுக்கொன்று இடம்மாறிக்கொண்டே பொருள்கள் நகரலாம். மேலும், தடையே இல்லாத இடத்தில் வேகத்துக்கு அளவே இராது என்பது அவர் வாதம்.

இன்றைய விளக்கம் எளிது. குழல் அடைபட்ட கலத்திலிருந்து சில துளிகள் வடிந்ததுமே உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் குறைகிறது. வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும் வளிமண்டலம், துளைகளின் வழியே நீரைத் தாங்குகிறது. சிறு துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை, காற்று குமிழியாக மேலேறாமல் தடுக்கிறது. இந்த அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்க வல்லது. பாதரசமானால் 76 சென்டிமீட்டர்தான் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லியின் கண்ணாடிக்குழாய் காட்டியது. அந்தப் பாதரசத்துக்கு மேலே எஞ்சிய இடத்தில் காற்று இல்லை.

காற்று ஊதிய தோற்பை வெறும்பையைவிட எடை மிகுந்தது என்று எழுதியவரும் அரிஸ்டாட்டிலே. எம்பெடோக்ளிஸின் சிறுமி நம் வரை வந்து சேர்ந்ததும், மூச்சைப் பற்றிய தம் நூலில் அவர் அப்பாடலை மறுப்பதற்காக எடுத்தெழுதியதால்தான். எடையுள்ள காற்றும், வெளியிலிருந்து முட்டும் காற்றும் ஒரே மனிதரின் ஏடுகளில் இருந்தன. இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.