பொன்னை வெள்ளமும் போனில் அலறும் எச்சரிக்கையும்

ஆந்திராவில் கலவகுண்டா அணையைத் திறந்தால், தண்ணீர் சித்தூர் மாவட்டத்திலிருந்து பொன்னையாற்றில் இறங்கி, திருவலம் பக்கம் வந்து பாலாற்றில் சேரும். அதற்குள் தகவல் மாநில எல்லை தாண்டி நீர்வளத்துறை, கலெக்டர் ஆபீஸ், தாசில்தார், விஏஓ என்று இறங்கியாக வேண்டும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு வேலூருக்கு ஒரு கலெக்டர், ராணிப்பேட்டைக்கு இன்னொருவர். ரயில்வே தனி. 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு ரயில்கள் ரத்தானது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஆளாளுக்குப் போன் போட்டு "நிறைய தண்ணி வருதாம்" என்றால் யாருக்குப் பிரயோஜனம்? எவ்வளவு, எப்போது, எந்த ஊருக்கு?

இதற்காகவே உலகம் முழுக்கப் பொதுவான ஒரு எச்சரிக்கைப் படிவம் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது: எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி. நாலு நாள் கழித்து வரக்கூடிய புயல் கடுமையானது, ஆனால் அவசரமும் இல்லை, உறுதியும் இல்லை. ஷட்டர் திறந்தாகிவிட்டது என்றால் மூன்றுமே உச்சம். நம் பேச்சில் இரண்டுமே "ஆபத்து"தான். படிவத்தைப் படிக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தக் குழப்பம் வராது. இடத்தையும் ஊர்ப் பெயரோடு விடாமல், அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளால் வரைந்து காட்டலாம். ஆற்றோரமாகக் கோடு இழுத்தால் மாவட்ட எல்லை குறுக்கே வராது.

இந்தியாவில் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் உருவாக்கிய 'சசேத்' என்ற எச்சரிக்கை அமைப்பு இந்தப் படிவத்தில்தான் ஓடுகிறது. வானிலைத் துறையோ மத்திய நீர்வள ஆணையமோ நிரப்பி அனுப்பும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பார்த்து ஒப்புதல் தரும். அப்புறம் செல்போன் நிறுவனங்களுக்குப் போகும். எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போவதால் நெரிசலில் தாமதமாகும். செல் ஒலிபரப்புக்கு நம்பரே வேண்டாம். டவர் ரேடியோ மாதிரி ஒரே தடவை சொல்லும், வரைந்த எல்லைக்குள் உள்ள போன்கள் ஒன்றாக அலறும். 2023 அக்டோபரில் சோதனைக்காக அலறியபோது பலர் பதறித்தான் போனார்கள்.

டவரின் வீச்சு வரைந்த கோட்டோடு நிற்காது, மேட்டில் இருப்பவர் போனும் அலறும். அது பரவாயில்லை. கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து டவர் படுத்துவிட்டால்தான் சிக்கல். அங்கே மைக் கட்டிய ஆட்டோதான் கதி. அதில் சொல்லும் நேரமும் இடமும் அதே படிவத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்.