உப்புக்கறைக்கு பிளீச் எதற்கு? வீடு கழுவும் சாமான்கள் பற்றி ஒரு சுகாதாரப் பரிசோதகர்

டெங்கு பரிசோதனைக்கு ஒரு வீட்டுக்குள் போனால் தண்ணீர்த் தொட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று பார்த்துக்கொண்டே பாத்ரூமையும் எட்டிப் பார்ப்போம். மட்டக்களப்பில் கல்லடியிலும் சரி, களுவாஞ்சிகுடியிலும் சரி, இப்போது அநேக வீடுகளில் அந்த மூலையில் ஐந்தாறு போத்தல் நிற்கிறது. நீலம், பச்சை, ரோஸ். ஒன்று கொமட்டுக்கு, ஒன்று டைல்ஸுக்கு, ஒன்று கிருமிக்கு, ஒன்று வாசத்துக்கு. இவ்வளவும் இருந்தும் பைப்பைச் சுற்றி வெள்ளைப் படலம், கொமட்டுக்குள் மஞ்சள் கறை, சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். காசு போகிறது, கறை போகவில்லை.

பெரும்பாலும் சாமானில் பிழையில்லை. எந்த அழுக்குக்கு எது என்று பாராமல், வாசத்தையும் விளம்பரத்தையும் பார்த்து வாங்குகிறோம். வீட்டு அழுக்கை எண்ணெய்ப் பசை, உப்புக்கறை, உயிருள்ளவை (கிருமி, பூஞ்சணம், பாசி) என்று பிரித்துப் பார்த்தால் போதும். எண்ணெய்க்குச் சவர்க்காரமோ சலவைத்தூளோ வேண்டும். உப்புக்கறைக்குப் புளிப்பு வேண்டும். கிருமிக்கு குளோரின் போன்ற கிருமிகொல்லி வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. கிருமிகொல்லி ஊற்றி எண்ணெயைக் கழுவப் பார்த்தால் தரை வழுக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது உப்புக்கறைதான். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில், மணலுக்குள் கிடக்கிற ஆழமில்லாத கிணறுகள்தான் பல வீடுகளின் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பல இடங்களில் கல்சியமும் மக்னீசியமும் கூட. இதைத்தான் கடினநீர் என்கிறோம். தண்ணீர் வற்றியதும் அந்த உப்பு பைப்பிலும் டைல்ஸிலும் கேத்தலின் அடியிலும் வெள்ளையாகப் படிகிறது. அது சுண்ணாம்பு. பிளீச் ஊற்றினால் அசையாது. இரும்புக் கம்பியால் உரஞ்சினால் டைல்ஸின் பளபளப்புத்தான் போகும், அந்தக் கீறலுக்குள் அடுத்த மாதம் உப்பு இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. வினாகிரியில் ஒரு பழந்துணியை நனைத்து பைப்பைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கேத்தலுக்கு இரண்டு தேசிக்காயைப் பிழிந்து தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் கழுவினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மாபிளிலும் பழைய சீமெந்துத் தரையிலும் புளிப்பு வேண்டாம். அவற்றிலும் அதே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கறையோடு தரையும் சேர்ந்து அரிக்கும். டைல்ஸ் இடுக்குச் சீமெந்து கரைந்து தண்ணீர் கீழே இறங்குகிற பாத்ரூம்களில், மாதக்கணக்காக ஆசிட் ஊற்றிய கதை ஒன்று அநேகமாகப் பின்னால் இருக்கும்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற சில வீடுகளில் கறை வெள்ளையில்லாமல் செங்காவியாக இருக்கும். அது இரும்பு. அதற்கு பிளீச் போட்டால் நிலைமை மோசமாகும். பிளீச்சில் உள்ள குளோரின் இரும்பைத் துருவாக்கிப் படிய வைத்துவிடும். வெள்ளைப் பள்ளிச் சட்டை மஞ்சளாகிறதென்று மேலும் மேலும் பிளீச்சில் ஊறவைக்கிற தாய்மாருக்கு இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். அந்தக் கறைக்கும் தேசிக்காய்ப் புளிதான்.

உங்கள் தண்ணீர் கடினமா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தெளிந்த போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, சாதாரண சவர்க்காரக் கட்டியைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்லது. நுரை வராமல் தயிர் திரிந்ததுபோல் மிதந்தால் கடினநீர். அந்தத் திரிவுதான் குளியலறைச் சுவரில் பிசுபிசுவென்று ஒட்டுவதும், உடுப்பை மொரமொரப்பாக்குவதும். அப்படியான வீட்டில் உடுப்புக்கு மட்டும் கட்டியை விட்டுச் சலவைத்தூளுக்கு மாறினால் செலவு குறையும், தூளில் இந்தப் பிரச்சினை குறைவு. உன்னிச்சைக் குளத்துக் குழாய்த்தண்ணீர் வந்துவிட்ட வீடுகளில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே காணலாம்.

இனி பிளீச்சிங் பவுடர். வெள்ளம் வந்த வருடங்களில் கிணற்றுக்கு நாங்களே போடுகிற சாமான் என்பதால் சனத்துக்கு அதில் நம்பிக்கை கூட. நல்ல சாமான்தான், மலிவும்கூட. ஆனால் அழுக்கின் மேல் தூவினால் வீண். சேறு, சோற்றுப்பருக்கை, சவர்க்காரப் படலம் எல்லாம் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி ஊற்றிவிட்டுத்தான் குளோரின். வெள்ளம் வடிந்த வீட்டிலும் இதே ஒழுங்குதான், முதலில் சேறு வெளியே போகவேண்டும்.

அளவும் முக்கியம். புதிய தூளில் குளோரின் ஏறத்தாழ 30 வீதம் இருக்கும். தரைக்கும் டொய்லட்டுக்கும் 10 லீற்றர் தண்ணீருக்கு 30 கிராமுக்குச் சற்றுக் கூடப் போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடியில் மண்டி தங்கவிட்டு மேல் தண்ணீரை எடுங்கள். கடையில் விற்கிற 5 வீதத் திரவ பிளீச் என்றால் அதே 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். ஊற்றியதும் துடைத்துவிடாமல் பத்து நிமிடமாவது விடவேண்டும். "99.9 வீதம் கிருமியைக் கொல்லும்" என்று பெரிய எழுத்தில் போடுகிற போத்தல்களிலும் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கும். மொப்பை ஒரு இழுப்பு இழுத்து உடனே காயவிட்டால் அந்தக் கணக்குப் பொருந்தாது. அதோடு, பை திறந்து குசினித் தட்டில் போன மழைக்காலத்திலிருந்து கிடக்கிற தூளில் பெரிய பலம் இராது. வெயில், ஈரம், சூடு மூன்றும் குளோரினைக் கலைத்துவிடும். கொஞ்சமாக வாங்கி இறுக்க மூடி வையுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது கலவை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வீடு. பொங்கலுக்கு முதல்நாள் கழுவல். டொய்லட்டுக்குள் சின்ன யன்னல் ஒன்று, அதுவும் மழைக்குச் சாத்தியபடி. கொமட்டிலும் தரையிலும் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகத் தூவி ஊறவிட்ட பிள்ளை, கறை போகவில்லையென்று அதன்மேல் நீல நிற டொய்லட் திரவத்தையும் ஊற்றி, குனிந்து பிரஷால் தேய்க்கத் தொடங்கியிருக்கிறா. சில நொடிதான். தொண்டை இறுகி, கண்ணால் நீர் ஓட, மாமியார் இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்திருக்கிறா. வைத்தியசாலையில் ஒட்சிசனும் ஆவி மருந்தும் கொடுத்து ஒரு இரவு வைத்திருந்துதான் அனுப்பினார்கள். பிறகு நான் போனபோது அவ சொன்னது: "ரெண்டையும் சேத்துப் போட்டா இன்னும் நல்லாக் கழுவும் எண்டு நினைச்சன் சேர்."

இப்படி நினைக்காத ஆளில்லை. ஹார்பிக் போன்ற டொய்லட் திரவங்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அது பிளீச்சில் பட்டதும் குளோரின் வாயு கிளம்பும். 1915இல், முதலாம் உலகப்போரில், பெல்ஜியத்து ஈப்பர் களத்தில் படையினர்மீது திறந்துவிட்ட அதே வாயு. காற்றைவிடப் பாரமானது, கீழேயே தங்கும். குனிந்து தேய்க்கிறவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். வினாகிரியும் தேசிக்காயும்கூட பிளீச்சோடு சேர்ந்தால் இதே வேலையைச் செய்யும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு வரும். சிறுநீர் நாட்பட்டுக் காய்ந்த டொய்லட்டில் தூளைக் கொட்டும்போது மூக்கை அறுக்கிற நெடியும் அந்த வகைதான், அதனால் முதலில் தண்ணீர் ஊற்றி நன்றாக அலசிவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு சாமான். புளிப்பு வகை இன்றைக்கு என்றால் பிளீச் நாளைக்கு. இடையில் நிறையத் தண்ணீர், கதவு யன்னல் திறந்தபடி. டொய்லட் திரவம் என்ற பெயரில் அமிலம் உள்ளதும் விற்கிறது, பிளீச் உள்ளதும் விற்கிறது. நிறத்தை நம்பாமல் லேபலைப் பாருங்கள். தவறிக் கலந்து மூச்சுத் திணறினால் முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள். பிறகு இருமல் நின்றுவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள், நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணித்தியாலம் கழித்தும் வரலாம்.

அப்பச்சோடாவில் வினாகிரி ஊற்றுகிற காணொளிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் ஆபத்தில்லை, பிரயோசனமும் பெரிதாக இல்லை. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிட்டு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும்.

குசினிக்குள் போத்தல் இன்னும் குறைவாகவே தேவை. வாவி மீன் வெட்டிய பலகையில் நிற்கும் வெடுக்கு காரத்தன்மையுள்ள ஒரு சேர்வை, அதனால்தான் எங்கள் அம்மாமார் புளியாலும் தேசிக்காய்க் கோதாலும் உரஞ்சினார்கள். சரியான இரசாயனம் அது. மண்சட்டிக்கு பாத்திரத் திரவம் வேண்டாம், நுண்துளைகளுக்குள் இறங்கி அடுத்த கறியில் வெளிவரும். சுடுதண்ணீரும் தும்பும் கொஞ்சம் சாம்பலும் போதும். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து தானே சவர்க்காரம்போல வேலை செய்யும். அதே சாம்பல் அலுமினியச் சட்டிக்கு ஆகாது, கறுத்துப்போகும். கோழி, மீன் வெட்டுகிற பலகையைச் சவர்க்காரத்தால் கழுவிய பின் வெயிலில் காயவிடுங்கள். வயிற்றோட்டக்காரர் உள்ள வீட்டில் டொய்லட்டுக்கும் கதவுப்பிடிக்கும் குளோரின் தேவை. மற்ற நாட்களில் வீட்டுத் தரைக்கு தினமும் கிருமிகொல்லி தேவையில்லை, சலவைத்தூள் தண்ணீரே போதும். இதைச் சொன்னால் கடைக்காரர்களுக்கு என்மேல் கோபம் வரும்.

தரைக்கு விற்கிற வாசத் திரவங்கள் பலவற்றில் இருப்பது பென்சல்கோனியம் குளோரைட் என்ற கிருமிகொல்லி. சவர்க்காரமும் சலவைத்தூளும் அதன் பலத்தைக் கெடுக்கும். தூள் தண்ணீரால் துடைத்த தரையை அலசாமல் அதன்மேல் இதை ஊற்றினாலும், ஒரே வாளியில் இரண்டையும் கலந்தாலும் மிஞ்சுவது வாசம் மட்டும்தான்.

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கேனிலும் பழைய சோடாப் போத்தலிலும் ஊற்றி விற்கிற திரவங்கள் வேறு விடயம். "தண்ணியில விட்டதும் பால்மாதிரி வெளுக்குது சேர், நல்ல சாமான்" என்பார்கள். வெளுப்பது எண்ணெய் தண்ணீரில் சிதறுவதால். கிருமியைக் கொல்லும் பலத்துக்கும் அந்த வெளுப்புக்கும் சம்பந்தமில்லை. உள்ளே என்ன, எத்தனை வீதம், யார் செய்தது, எப்போது காலாவதி என்று எதுவும் எழுதாத போத்தலை வாங்காதீர்கள். விற்பவரோடு சண்டை தேவையில்லை, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம்.

எங்கள் மணல் நிலத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டொய்லட்டில் ஊற்றுவதெல்லாம் குழிக்குத்தான் போகிறது. குழியில் மலத்தைச் சிதைப்பது பக்டீரியா. லீற்றர் கணக்கில் ஆசிட்டும் பிளீச்சும் இறங்கினால் அவை செத்துக் குழி சீக்கிரம் நிரம்பும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்த இடைவெளி இல்லாத வளவுகளில் இன்னும் கவனம் தேவை.

பீப்பாவுக்கும் தொட்டிக்கும் நான் எந்தப் போத்தலையும் சிபாரிசு செய்வதில்லை. டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி. தண்ணீரை ஊற்றிவிட்டாலும் அது காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தும்பால் சுவரைச் சுற்றி அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

கை வெடித்து, விரலிடுக்கில் சொறியோடு வருகிற பெண்கள் நிறைய. கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்து தேங்காயெண்ணெய் பூசுங்கள். இளைப்பு உள்ளவர் வீட்டில் தெளிக்கிற வகையைத் தவிர்த்துத் துணியில் ஊற்றித் துடையுங்கள்.

கடைசியாக, சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளை நிறத்தைப் பார்த்து ஜூஸ் என்றுதான் நினைக்கும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம், உப்புத் தண்ணீர் பருக்கவேண்டாம். போன வழியே திரும்பி வரும்போது தொண்டை இரண்டாவது தடவை வெந்துபோகும். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரமாவது விடாமல் கழுவுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே போனது அமிலமா காரமா என்பதுதான் வைத்தியர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று.