பச்சை குத்தும் முன் ஒரு வார்த்தை

டப்ளினில் ஐரிஷ் வாசகங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கடைப் பலகை, அழைப்பிதழ், அப்புறம் பச்சை குத்திக்கொள்ள வாசகம் கேட்பவர்கள். இவர்களிடம் அதிகம் அடிபடுவது 'க்ளஸ்' (glas) என்ற பெயரடை. அகராதியில் முதல் பொருள் பச்சை என்றிருக்கும். அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

புல்லும் இலையும் க்ளஸ்தான், சரி. ஆனால் க்ளஸ் குதிரை என்றால் சாம்பல் நிறக் குதிரை. செம்மறியும் அப்படியே. அனுபவமில்லாத இளைஞனும் க்ளஸ். நாம் பச்சைப் பிள்ளை என்பதற்குப் பக்கத்தில் வரும். சாயமும் பெயின்டும் தரும் பச்சைக்கு 'ஊன்ய' என்று தனிச்சொல் உண்டு. அயர்லாந்து அரசியல் சாசனத்தின் 7ஆம் பிரிவு கொடியின் பச்சையை ஊன்ய என்றுதான் சொல்கிறது. இன்றைய பேச்சில் இந்தக் கோடு மங்கிவிட்டது, ஆனாலும் பலகையில் எழுதும்போது நான் விட்டுக்கொடுப்பதில்லை. டப்ளினின் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கோ ஐரிஷில் இரண்டு சொல்லும் ஆகாது. அந்த 'கிரீன்' புல்வெளி. அதற்கு 'ஃபஹ' என்பார்கள்.

பொருளைத் தாண்டினால் இலக்கணம் காத்திருக்கும். ஒரு சைவ உணவகம் 'பச்சை இலை' என்று பெயர் வைக்க 'டில்யோக் க்ளஸ்' என எழுதி அனுப்பியது. இலை ஐரிஷில் பெண்பால். அதனால் க்ளஸ்ஸின் ஜி எழுத்தை அடுத்து ஒரு ஹெச் வந்தாக வேண்டும். ஒலியும் மாறும்: 'பகல்' என்னும்போது நம் ககரம் தொண்டையில் லேசாக உரசுமே, கிட்டத்தட்ட அது. 'பச்சை இலையின்' என்றால் ஹெச் போய், சொல் 'க்ளஷ' ஆகிவிடும். 'இலைகள்' என்றால் 'க்ளஸ'. பன்மைக் குதிரைகளுக்கு இன்னொரு வம்பு. 'குதிரைகள்' என்பதற்கான ஐரிஷ் சொல் மெல்லின மெய்யில் முடிவதால், க்ளஸ்ஸில் பன்மை விகுதியோடு ஹெச்சும் சேரும். (நம் மெல்லினம் அல்ல, ஐரிஷில் மெய்களை அகலம், மெல்லியது என்று பிரிப்பார்கள்.)

'தூரத்து மலைகள் பச்சை' என்று ஐரிஷில் ஒரு பழமொழி. நம் இக்கரைக்கு அக்கரை பச்சையேதான். மலைகள் பன்மை, ஆனால் அங்கே க்ளஸ் மாறாது. பயனிலையாக நிற்கும் பெயரடை இப்படி அசையாமல் இருக்கும்.

அதனால் தனிச்சொல்லை அனுப்பி "இது சரியா?" என்று கேட்காதீர்கள். முழு வாசகத்தையும் அனுப்புங்கள். நீங்களே பார்ப்பதானால் டாங்லன் (teanglann.ie) என்ற ஐரிஷ் அகராதி இணையதளம் இலவசம். அகராதிப் பக்கத்தோடு நிறுத்தாமல் இலக்கணப் பக்கத்தையும் திறந்து, பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்று முதலில் பாருங்கள்.