பாட்டியே அம்மாவாக எழுதப்பட்ட வீடு: விக்டோரியா காலப் பதிவேடுகளில் மறைந்த உறவுகளைத் தேடுவது எப்படி?

1861 ஏப்ரல் 7 அன்று இரவுக்கு இங்கிலாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவருக்கு வயது 50, மனைவிக்கு 48. மூத்த மகளுக்கு 20. அடுத்தடுத்துப் பிள்ளைகள், ஐந்தாவது பையனுக்கு 10. பிறகு ஒன்பது வருடம் யாரும் பிறக்கவில்லை. கடைசியாக ஒரு வயதுக் கைக்குழந்தை. உறவு என்ற கட்டத்தில் மற்ற ஐந்து பேருக்கும் ‘மகள்’, ‘மகன்’ என்று இருப்பதுபோல அந்தக் குழந்தைக்கும் ‘மகன்’ என்றே எழுதியிருக்கிறது. இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில் பல, இதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். குழந்தையின் தாய் அந்த 20 வயது மகளாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால்தான் தேடலே தொடங்குகிறது.

அந்தக் காலத்து எழுத்தர்கள் பெரும்பாலும் எதையும் சரிபார்க்கவில்லை. ஒருவர் வந்து சொன்னார், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஆகவே எந்தப் பதிவைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதைச் சொன்னவர் யார், உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன இழப்பு?

முதல் படி பிறப்புப் பதிவு. விக்டோரியா அரியணை ஏறிய பதினோராவது நாள், 1837 ஜூலை 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு தொடங்கியது. ஸ்காட்லாந்துக்கு 1855, அயர்லாந்துக்கு 1864. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் பழைய பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். அதே அலுவலகம் பின்னர் இணையத்தில் தந்த புதிய அட்டவணையிலோ 1837-இலிருந்தே இருக்கிறது. தேட வேண்டியது இதில்தான். மூத்த ஐந்து பேருக்கும் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருந்து, கடைக்குட்டிக்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு கோடு கிடந்தால், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று முதல் கணிப்பாக வைத்துக்கொள்ளலாம். கோடே முடிவு ஆகாது. கணவன் மனைவி இருவரும் பிறப்பிலேயே ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களாக இருந்தாலும் சில வேளை கோடு விழும். சான்றிதழை வாங்கிப் பார்த்தே தீர வேண்டும்.

அட்டவணை காலாண்டு வாரியானது. அது பதிவு செய்த நாளைக் காட்டும், பிறந்த நாளை அல்ல. பிப்ரவரி இறுதியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் (ஏப்ரல் முதல் ஜூன் வரை) இருக்கலாம். 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தவறவிட்டவர்கள் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லி விதிக்குள் வந்துவிடுவார்கள். அதனால்தான் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் அங்கே உண்டு! இரண்டும் முரண்பட்டால் ஞானஸ்நானத் தேதியை நம்புங்கள். 1875-க்கு முன் பிறந்தவருக்குப் பதிவே இல்லாமலும் இருக்கலாம். பதியத் தவறிய பெற்றோருக்குத் தண்டம் என்ற நிலை வந்தது அந்த ஆண்டில்தான்.

சான்றிதழில் தாயின் பெயர் இருக்கும் விதத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். பெயருக்குப் பின் ‘ஃபார்மர்லி’ என்று வந்தால் அது பிறந்த வீட்டுப் பெயர். ‘லேட்’ என்று வந்தால் முந்தைய கணவரின் பெயர். அவள் இறந்துவிட்டாள் என்று பொருளில்லை. தந்தையின் கட்டம் காலியாக இருப்பதற்கும் சட்டக் காரணம் உண்டு. 1850 வாக்கில் வந்த அறிவுறுத்தலுக்குப் பிறகு, மணமாகாத தாய் சொல்கிறாள் என்பதற்காகத் தந்தை பெயரை எழுதக் கூடாது. 1875 முதல், தந்தையும் நேரில் வந்து கையெழுத்திட்டால் எழுதலாம். எனவே காலிக் கட்டத்தைப் பார்த்து ‘தந்தை யாரென்று அவளுக்கே தெரியவில்லை’ என்று முடிவு கட்டுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். தந்தையின் பெயர் வேறு வழியில் ஒளிந்திருக்கும். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு குடும்பப் பெயர் குழந்தையின் நடுப்பெயராக நின்றால், அந்தப் பெயருடைய ஆண் யாராவது அந்தத் தெருவில் இருந்தாரா என்று 1861 கணக்கில் அக்கம்பக்கத்து வீடுகளைப் பாருங்கள்.

தாய் பிள்ளைச் செலவு கேட்டு வழக்குப் போட்டிருந்தால் இன்னும் நேரடியான சான்று கிடைக்கும். 1844 சட்டத்தின்படி அவள் பெட்டி செஷன்ஸ் எனப்படும் உள்ளூர் நீதிமன்றத்தில் முறையிடலாம். அந்தப் பதிவேடுகள் தப்பியிருந்தால் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். தப்பாத இடங்களில் உள்ளூர்ச் செய்தித்தாளின் நீதிமன்றச் செய்தி கைகொடுக்கும்.

மகன் வளர்ந்து திருமணம் செய்யும்போது தந்தை பெயரையும் தொழிலையும் சொல்ல வேண்டும். அவமானத்துக்கு அஞ்சித் தாத்தாவின் பெயரைத் தந்தையாகச் சொல்லியிருப்பார், அல்லது கற்பனைப் பெயர் ஒன்றைக் கொடுத்திருப்பார். மணமக்களின் தாய் பெயர் இங்கிலாந்துத் திருமணப் பதிவில் இடம்பெற்றதே 2021-இல்தான். ஆகவே அங்கே தாயைத் தேடிப் பயனில்லை; சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள். ‘அக்கா’ என்று ஊருக்குச் சொல்லப்பட்டவள் சாட்சியாக நிற்பது உண்டு. கையெழுத்தை ஒப்பிட வேண்டுமானால் தேவாலயத்தின் மூலப் பதிவேட்டின் படம் வேண்டும். பொதுப் பதிவாளரிடம் உள்ளது படியெடுத்து அனுப்பிய நகல்.

உறவுச் சொற்களில் இன்னொரு பொறி இருக்கிறது. கணக்கெடுப்பில் ஆறு வயதுப் பையனுக்கு ‘சன்-இன்-லா’ என்று எழுதியிருந்தால் மருமகன் என்று பொருள் கொள்ளாதீர்கள். மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த பிள்ளையையும் அப்போது அந்தச் சொல்லால் குறித்தார்கள். 1841 கணக்கில் உறவுக் கட்டமே கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். அதை வைத்து உறவைத் தீர்மானிக்கக் கூடாது.

தமிழ் வாசகர் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும் உறவு ஒன்று உண்டு. அக்காள் இறந்தால் தங்கையை மச்சானுக்குக் கட்டிவைப்பது நம் வீடுகளில் புதிதல்ல. இங்கிலாந்திலோ 1835 சட்டத்துக்குப் பிறகு, இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது செல்லாத திருமணம். 1907 வரை அப்படித்தான். எனவே 1861-இல் மனைவியை இழந்தவர் வீட்டில் ‘மைத்துனி, வீட்டுப் பொறுப்பு’ என்று இருந்த பெண், 1871-இல் ‘மனைவி’ ஆகியிருப்பாள். இடையில் திருமணம் நடந்திருந்தால், முகம் தெரியாத ஏதோ ஒரு பெருநகரத்துத் தேவாலயத்தில் நடந்திருக்கும். இரண்டு திருமணப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: மணப்பெண்ணின் தந்தை பெயரும் தொழிலும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்.

மணவிலக்கு நீதிமன்றம் 1858-இல் திறந்தாலும் செலவு சாதாரண மக்களுக்கு எட்டாதது. கணவனோ மனைவியோ ஊர் மாறிப்போய், இரண்டாவது முறை மணந்துகொண்டார்கள். ஏழு ஆண்டு பிரிந்திருந்து, உயிரோடிருப்பது தெரியாமல் இருந்தால் இருதார மணக் குற்றத்துக்குத் தண்டனை இல்லை. ஆனால் முதல் துணை உயிரோடிருந்தால் இரண்டாம் திருமணம் செல்லாது. ‘விதவை’ என்று எழுதப்பட்டவளின் கணவருக்கு இறப்புப் பதிவு கிடைக்காவிட்டால், இன்னொரு மாவட்டத்தில் அதே பெயர், அதே தொழில், அதே தந்தை பெயரோடு ஒருவர் மணமாகாதவர் என்று சொல்லி மணந்தாரா என்று தேடுங்கள்.

உயில்கள் உண்மையை வெளியே சொல்லும் இடம். 1858 ஜனவரி 12 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் உயில்களுக்கு ஒரே தேசிய அட்டவணை. ‘என் பிள்ளைகள்’ என்று எழுதினால் சட்டப்படியான திருமணத்தில் பிறந்தவர்களையே அது குறிக்கும் என்று அப்போது நீதிமன்றம் கொண்டது. அதனால் மறைமுகக் குடும்பம் வைத்திருந்தவர், விவரமறிந்த வழக்கறிஞரிடம் போயிருந்தால், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே தாயின் பெயரோடு குறிப்பிட்டிருப்பார். ஓவியர் வில்லியம் பவல் ஃப்ரித்துக்கு மனைவி இசபெலிடம் 12 பிள்ளைகள், லண்டனிலேயே தனி வீட்டில் வாழ்ந்த மேரி ஆல்ஃபோர்டிடம் 7 பிள்ளைகள். மனைவி 1880-இல் இறந்த பின் அடுத்த ஆண்டு மேரியை மணந்தார். ஆனால் பெற்றோர் பின்னர் மணந்ததால் பிள்ளைக்குச் சட்ட உரிமை கிடைக்கும் வழி இங்கிலாந்தில் 1926 வரை இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்களில் உயிலின் வாசகமே பிள்ளைகளுக்குக் காப்பு.

சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயரின் வழிவந்த குடும்பங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் என்/2 வரிசையைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் அங்கே உள்ளன. இந்தியத் தாயின் பெயர் பல பதிவுகளில் இல்லவே இல்லை. அப்போது தந்தையின் உயிலில் யாருக்கு மாதப்பணம் விட்டுச்சென்றார் என்று பார்ப்பதே வழி.

டிஎன்ஏ சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: தொடக்கத்தில் சொன்ன கைக்குழந்தை அந்த மூத்த மகளுக்குப் பிறந்திருந்தால், அதன் வழிவந்தவர், மற்ற நான்கு பிள்ளைகளின் வழிவந்தவர்களோடு எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி அளவே பொருந்துவார். குழந்தை தாய் வேறாகவோ தந்தை வேறாகவோ பிறந்த உடன்பிறப்பாக இருந்தாலும் அதே பாதிதான் வரும். எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. அந்தத் தாத்தா, பாட்டி இருவரின் பிறந்த குடும்பத்தாரும் பொருத்தப் பட்டியலில் இருந்தால் அது பேரக்குழந்தை. ஒருவர் பக்கம் மட்டும் இருந்தால் தாயோ தந்தையோ வேறான உடன்பிறப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாம் நிலை உறவினர்களில் (கொள்ளுத் தாத்தா பாட்டியின் பெற்றோர் பொதுவாக உள்ளவர்கள்) ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே தெரியாது என்பதால், ஒரே ஒருவரைச் சோதித்து ‘உறவில்லை’ என்று சொல்ல வேண்டாம். மூன்று, நான்கு கிளைகளிலிருந்து ஆளைச் சேருங்கள். சோதனைக்கு முன்பே அவர்களிடம், என்ன வெளிப்படக்கூடும் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் கைக்குழந்தையின் பேத்தி 90 வயதில் எங்கோ உயிரோடிருக்கலாம். மரத்தை இணையத்தில் ஏற்றும் முன் அவருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.