ஆமென்: சொல்லும் பொருளும்

'ஆமென்' என்பதை 'ஆம் + என்' என்று பிரித்து, "ஆம் என்று சொல் என்பதுதான் இதன் பொருள்" என்று பிரசங்க மேடையில் விளக்குகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் தமிழ் இல்லை, எபிரேயம். தமிழில் 'ஆம்' என்பது 'ஆகும்' என்பதன் இடைக்குறை. 'ஆகு' என்ற வினையிலிருந்து வருவது. எபிரேய ஆமெனோ ஆலெப், மேம், நூன் என்ற மூன்று எழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து பிறந்தது. ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

இந்தத் தற்செயலால் ஒரு சிறு குழப்பமும் வந்திருக்கிறது. "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" என்று 2 கொரிந்தியர் 1:20-இல் படிக்கும்போது பவுல் ஏதோ சிலேடை செய்வதுபோலத் தோன்றும். அவர் எழுதியது கிரேக்கத்தில். 'ஆம்' என்ற இடத்தில் 'நை' என்ற கிரேக்கச் சொல்லும், 'ஆமென்' என்ற இடத்தில் எபிரேயச் சொல்லும் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒலியில் உறவே கிடையாது. சிலேடை நம் காதில்தான் இருக்கிறது.

எகிப்தியக் கடவுள் ஆமோனின் பெயர்தான் ஆமென் ஆயிற்று என்றொரு வாட்ஸ்அப் ஆராய்ச்சியும் சுற்றுகிறது. அந்தப் பெயருக்கு 'மறைந்திருப்பவர்' என்று பொருள். அது வேறு மொழி, வேறு வேர்.

எபிரேய வேரின் அடிப்படைப் பொருள் உறுதி, தாங்குதல், அசையாமல் நிற்றல். இதிலிருந்து கிளைத்த சொற்களில் எனக்குப் பிடித்தது 2 இராஜாக்கள் 18:16-இல் வருகிறது. அசீரிய ராஜாவுக்குக் கப்பம் கட்ட வழியில்லாமல், ஆலயக் கதவுகளிலும் அவற்றின் நிலைகளிலும் பதித்திருந்த பொன்னை எசேக்கியா கழற்றிக் கொடுக்கிறான். அந்த நிலைக்கு அங்கே வரும் சொல் ஆமெனின் உறவுக்காரச் சொல். நாமும் கதவைத் தாங்கும் சட்டத்தை 'நிலை' என்கிறோம். நிலைத்திருப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். 'ஆம்' தராத விளக்கத்தை இந்த 'நிலை' தருகிறது.

விசுவாசத்துக்கான எபிரேயச் சொல்லும் இதே வேர்தான்: 'எமுனா'. அது மனதுக்குள் நடக்கும் காரியமாக மட்டும் இருக்கவில்லை. அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் ஓய்ந்துபோகின்றன. ஒரு கல்லைப் போட்டு அவரை உட்கார வைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் மறையும்வரை அவர் கைகள் 'எமுனா'வாக இருந்தன என்கிறது யாத்திராகமம் 17:12. விசுவாசமாக இருந்தன என்று அங்கே மொழிபெயர்க்க முடியாது. அசையாமல் இருந்தன என்பதுதான் பொருள். ஆதியாகமம் 15:6-இல் ஆபிராம் கர்த்தரை 'விசுவாசித்தான்' என்று வரும் வினையும் இந்த வேரில் பிறந்ததே. ஏசாயா 7:9-இல் "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்று ஆகாஸ் ராஜாவிடம் சொல்லப்படுகிறது. 'விசுவாசி', 'நிலைபெறு' இரண்டும் எபிரேயத்தில் ஒரே வேரின் இரண்டு வடிவங்கள். சிலேடை உண்மையில் இருப்பது இங்கேதான். தமிழில் அது கேட்பதில்லை.

அடுத்து, யார் ஆமென் சொல்வது? நாம் ஜெபத்தைச் சொல்லி முடித்து நாமே ஆமெனும் போட்டுக்கொள்கிறோம். பழைய ஏற்பாட்டில் அது பெரும்பாலும் கேட்டவர்களின் பதில். உபாகமம் 27-இல் லேவியர் 12 சாபங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் 12 முறை ஆமென் சொல்ல வேண்டும். அடுத்தவன் நிலத்து எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன்: ஆமென். கண் தெரியாதவனை வழிதப்ப விடுகிறவன் சபிக்கப்பட்டவன்: ஆமென். இங்கே ஆமென் சொல்கிறவன் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. நானே கல்லை நகர்த்தினால் இது என் தலையில் விழட்டும் என்று கையெழுத்துப் போடுகிறான்.

அதனால்தான் காதில் விழாத ஜெபத்துக்கு ஆமென் சொல்லலாமா என்ற கேள்வியை யூத ரப்பிகள் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். என்ன ஆசீர்வாதம் சொல்லப்பட்டது என்று கேட்காமலே சொல்லும் ஆமெனுக்கு, ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தால்மூது வைத்த பெயர் 'அநாதை ஆமென்'. அவசரத்தில் பாதியை விழுங்கிச் சொல்வதற்கும் தனிப் பெயர்கள் உண்டு. அதே தால்மூது அலெக்சாந்திரியாவின் பெரிய ஜெபஆலயத்தைப் பற்றியும் சொல்கிறது. கூட்டம் அவ்வளவு பெரிது, குரல் எட்டாது. அதனால் நடுவில் மரமேடை மேல் ஒருவர் துணியோடு நிற்பார். ஆமென் சொல்லவேண்டிய நேரத்தில் துணியை வீசுவார், எல்லாரும் சொல்வார்கள். அப்படியானால் அதுவும் அநாதை ஆமென்தானே? பிற்கால உரையாசிரியர்கள் இதையும் விடவில்லை: குரல் கேட்காவிட்டாலும் எந்த ஆசீர்வாதம் நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆகவே குற்றமில்லை என்றார்கள். பவுலும் இந்த வழக்கிலேயே பேசுகிறார். புரியாத பாஷையில் ஸ்தோத்திரம் செய்தால், கேட்கிற கல்லாதவன் அதற்கு எப்படி ஆமென் சொல்லுவான் என்கிறார் (1 கொரிந்தியர் 14:16).

சரி, ஆமென் சொல்லிவிட்டால் கேட்டது நடந்தாக வேண்டுமா? 'விசுவாசித்து ஆமென் சொல்லுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சிலர் பேசுவதைக் கேட்டால் ஆமென் ஏதோ ரசீது என்று தோன்றும். எரேமியா 28-ஆம் அதிகாரம் இதற்கு நேர் எதிர். இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும், நேபுகாத்நேச்சார் கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) திரும்பி வரும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லார் முன்னிலையிலும் அறிவிக்கிறான். எரேமியாவின் பதில்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் தனக்குச் சொல்லப்பட்டது வேறு என்பதும் அவருக்குத் தெரியும். அதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த இரண்டு வருஷத்தில் பணிமுட்டுகள் திரும்பவில்லை. கொஞ்ச வருஷத்தில் எருசலேமே விழுந்தது. மனதார ஆமென் சொல்லிவிட்டு, முடிவைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிற ஆமென் இது. கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று இயேசு ஜெபித்ததும் இதே நிலைதான், ஆமென் என்ற சொல் அங்கே வராவிட்டாலும்.

இயேசு அந்தச் சொல்லைப் பயன்படுத்திய விதம் வேறு மாதிரி. எல்லாரும் கடைசியில் சொல்வதை அவர் முதலில் வைத்தார். பிறர் பேச்சுக்கு ஒப்புதலாகச் சொல்வதைத் தன் பேச்சுக்கு முத்திரையாக்கினார். "ஆமென், உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று மற்ற சுவிசேஷங்களில். யோவானில் எப்போதும் இரட்டையாக, "ஆமென், ஆமென்". தமிழ் வேதாகமத்தில் இந்த இடங்களில் ஆமெனைக் காண முடியாது. பழைய மொழிபெயர்ப்பில் "மெய்யாகவே மெய்யாகவே" என்று வரும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "உறுதியாக" என்கிறது. வேர்ப்பொருளுக்கு 'உறுதி' நேரடியாகப் பொருந்துகிறது என்பது சரிதான். ஆனாலும் என் ஓட்டு 'மெய்யாகவே'வுக்கு. உண்மையைக் குறிக்கும் 'எமெத்' என்ற எபிரேயச் சொல்லும் இதே வேரில் பிறந்தது என்பது ஒரு காரணம். 'மெய்யாகவே' என்ற சொல்லின் கடைசியில் நிற்கும் ஏகாரம் இன்னொன்று. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது உறுதிப்பாடு. ஆமென் செய்கிற வேலையை அந்த ஓரெழுத்து செய்துவிடுகிறது.

ஜெபத்தின் முடிவில் வரும் ஆமெனுக்குத் தமிழ் என்ன? 'அப்படியே ஆகுக', 'ஆகட்டும்' என்பவை வழக்கமான விடைகள். கிரேக்கத்தில் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்த யூதர்களும் பல இடங்களில் 'ஆகுக' என்ற பொருள் தரும் சொல்லையே போட்டார்கள். லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஆமெனுக்குக் கொடுத்த விளக்கம் "ஆம், ஆம், அது அப்படியே ஆகும்" என்பது. 'ஆம்' பிரசங்கிகளுக்கு இது ஆறுதலாக இருக்கும். 'ததாஸ்து'வையும் சிலர் இணையாகச் சொல்வார்கள். சொற்பொருள் சரி, திசை தவறு. நம் கதைகளில் ததாஸ்து சொல்வது வரம் கொடுக்கிறவர். ஆமென் கீழே நிற்கிற ஜனங்கள் சொல்வது. என்னைக் கேட்டால், விளக்கும்போது 'மெய், அப்படியே ஆகுக' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஜெபத்தில் ஆமெனையே வைத்துக்கொள்ளலாம். கிரேக்கம், லத்தீன் சபைகளும் கடைசியில் அதைத்தான் செய்தன. கிரேக்க எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் ஆமெனுக்கு 99 வரும் என்பதால், பழைய கிறிஸ்தவப் பாப்பிரஸ் ஏடுகளில் ஆமென் என்று எழுதாமல் 99 என்று மட்டும் போட்டவர்களும் இருந்தார்கள். மொழிபெயர்க்க யாரும் அவசரப்படவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஜெபங்கள் போர்த்துக்கீசியக் காலத்து வழக்கில் 'ஆமென் சேசு' என்று முடியும். அதே வேர் அரபு வழியாகத் தமிழ் முஸ்லிம்களிடம் 'ஆமீன்' என்று வழங்குகிறது. அவர்களும் பெரும்பாலும் அதைக் கேட்டவர்களின் பதிலாகவே சொல்கிறார்கள், துஆ (பிரார்த்தனை) ஓதுகிறவர் ஒருவர், ஆமீன் சொல்கிறவர்கள் பலர் என்று.

அப்புறம் உச்சரிப்பு. எபிரேயத்தில் இரண்டு அசையும் நெடில்: 'ஆமேன்'. எழுத்தில் நாம் 'ஆமென்' என்று குறிலாக எழுதுகிறோம். பாட்டில் நீட்டி 'ஆமேன்' என்று பாடும்போதுதான் மூலத்துக்கு நெருங்குகிறோம். எ, ஏ இரண்டையும் கொம்பில் வேறுபடுத்திக் காட்டும் முறை வீரமாமுனிவருக்குப் பிறகு நிலைபெற்றது. அதற்கு முன் அச்சான கிறிஸ்தவ நூல்களில் 'ஆமென்' என்று கண்டவர்கள் அதை 'ஆமேன்' என்றே வாசித்திருக்கவும் இடமுண்டு.