தொகையீடு: லைப்னிட்ஸ் விரும்பிய பெயர்

பன்னிரண்டாம் வகுப்பில் இன்டெக்ரேஷன் படித்தவர்களைக் கேட்டால் சூத்திரங்களை ஒப்பிப்பார்கள். அடுக்கில் ஒன்றைக் கூட்டு, வந்ததால் வகு. அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதற்குத் தமிழ்ப் பெயரிலேயே பதில் இருக்கிறது: தொகையிடல். அந்த வேலையில் கிடைக்கும் விடை தொகையீடு.

தொகையீட்டின் ஆங்கிலப் பெயரான 'இன்டெக்ரல்' லத்தீன் 'இன்டெகர்' என்பதிலிருந்து வந்தது. குறைபடாதது, முழுமையானது என்று பொருள். 1690இல் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி இதை அச்சில் பயன்படுத்தினார். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸோ பெயரில் கூட்டல் தெரிய வேண்டும் என்று நினைத்தவர். 1675 அக்டோபரில் அவர் எழுதிய ∫ என்ற குறி, 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி இழுத்ததுதான். (நம்ம ஊர் சும்மா இல்லை, அங்கே அதற்குக் கூட்டுத்தொகை என்று பொருள்.) கடைசியில் குறி லைப்னிட்ஸுடையதாகவும் பெயர் பெர்னூலியுடையதாகவும் நிலைத்தன.

தமிழில் லைப்னிட்ஸ் விரும்பியதே நடந்துவிட்டது. தொகு, தொகை, எட்டுத்தொகை எல்லாம் ஒரே வேர். தொகை, வகை, விரி என்பது நம் இலக்கண நூல்களுக்குப் பழகிய வரிசை. அந்த வரிசையின் முதல் இரண்டு சொற்களே இன்டெக்ரேஷன் பக்கம் தொகையீடாகவும் டிஃபரன்ஷியேஷன் பக்கம் வகையீடாகவும் ஜோடியாக வருகின்றன.

சரி, எதைத் தொகுக்கிறோம்? எக்ஸின் வர்க்கத்துக்கு வரையும் வளைகோட்டின் கீழே, 0 முதல் 1 வரை உள்ள பரப்பை எடுத்துக்கொள்வோம். அதைச் சம அகலமுள்ள 10 பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் வலது ஓரத்து உயரத்தை வைத்துச் செவ்வகம் போடுங்கள். 1, 4, 9 என 100 வரையுள்ள வர்க்கங்களின் கூடுதல் 385. உயரங்கள் நூறில் பங்குகள், பட்டையின் அகலம் பத்தில் ஒன்று; எனவே அதை 1000ஆல் வகுத்தால் 0.385. இடது ஓரத்து உயரம் என்றால் 0.285. பட்டைகளை 100 ஆக்கினால் 0.33835, 0.32835. இரண்டும் நெருங்கிக்கொண்டே போய் 1/3இல் சேர்கின்றன. ஓரம்தான் என்றில்லை, பட்டைக்குள் எந்தப் புள்ளியின் உயரத்தை எடுத்தாலும், பட்டைகள் மெலிய மெலிய ஒரே எண்ணுக்குத்தான் வர வேண்டும் என்று 1854இல் நிபந்தனை வைத்தவர் கணித அறிஞர் ரீமன். அதனால்தான் இது ரீமன் கூடுதல்.

இப்படி இரண்டு எண்களுக்கு இடையே எடுக்கும் தொகையீட்டை 'வரையறுத்த தொகையீடு' என்கிறோம். அந்த அடைமொழியும் பொருத்தம். '0 முதல் 1 வரை' என்கிறோமே, அந்த 'வரை' இதற்குள் இருக்கிறது. (சில புத்தகங்களில் 'வரையறுத்தத் தொகை' என்று ஒற்று மிகுந்திருக்கும். பெயரெச்சத்துக்குப் பின் அது வேண்டாம்.)

இடறுவது 'எல்லை' என்ற சொல்லில்தான். 0, 1 ஆகியவற்றைக் கீழ் எல்லை, மேல் எல்லை என்கிறோம். கூடுதல் நெருங்கிப் போய்ச் சேரும் 1/3ஐயும் எல்லை என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. முதலாவதை 'முனை' என்றும் இரண்டாவதை மட்டும் 'எல்லை' என்றும் சொல்லிப் பாருங்கள்: முனைகள் நாம் கொடுப்பவை, எல்லை கணக்கு கொடுப்பது.